பார்த்ததும் கேட்டதும்

பழைய காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் நம் ஜனங்களுக்கு எப்போதுமே ஒரு தனி உற்சாகந்தான். அந்தக் காலத்து மாம்பழம் தேனாய் இனித்தது. அந்தக் காலத்து மழை பருவம் தவறாமல் பெய்தது. அந்தக் காலத்துப் பையன்கள் வாத்தியாரைக் கண்டால் நடுங்கினார்கள்! இவற்றுள் மூன்றாவது விஷயத்தைக் குறித்து மட்டும் நமக்குச் சிறிது சந்தேகம் உண்டு. ஏனெனில், இன்று வாத்தியாராக இருக்கும் நாமும் அந்தக் காலத்துப் பையன்களில் ஒருவர். நடுங்கியதாக நமக்கு ஞாபகம் இல்லை.

சில வருஷங்களாக இந்த ஜாபிதாவில் இன்னும் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் அந்தக் காலத்து டெலிவிஷன். "அப்போ தூர்தர்ஷன் ஒண்ணுதான் சார்! ஆனா அதிலே பார்த்த கிரிக்கெட்டு என்ன, ராமாயணம் என்ன, வெள்ளிக்கிழமைப் பாட்டு என்ன! இப்போ ஐந்நூறு சானல் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று நமது சேதராப்பட்டில் ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டால் போதும், தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள்கூட டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பரீட்சை செய்து பார்ப்பது உபாத்தியாயர் தொழிலுக்கு அழகு. ஆகவே, இந்த வாரம் அந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கலாம்.

கம்பத்தின் மேல் ஒருவர்

இந்தியாவில் டெலிவிஷன் ஒளிபரப்பு முதன்முதலில் டில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. பம்பாய்க்கு அது வர 1972 ஆயிற்று. சென்னை நிலையம் 1975-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று திறக்கப்பட்டது. நமது கிராமமோ வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது. சென்னைக்கும் நமக்கும் சுமார் 150 கிலோமீட்டர் சாலைத் தூரம். சென்னையில் புறப்பட்ட படம் இங்கே வந்து சேருவதற்குள் அது பட்ட கஷ்டத்தை என்னவென்று சொல்வது! வழியிலிருந்த பனைமரம், மழைமேகம் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்ததைத்தான் நமக்குக் கொடுத்தது.

அந்த மிச்சத்தைப் பிடிப்பதற்காக நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள்ளைப்போல் ஓர் ஆன்டெனாவைக் கட்டிக் கூரைக்கு மேலே நிறுத்துவார்கள். வசதியுள்ளவர்கள் அதோடு ஒரு பூஸ்டரும் வைப்பார்கள். காற்று அடித்தால் மீன்முள் திரும்பிக்கொள்ளும். உடனே ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்ப, கீழே பத்துப் பேர், "இன்னும் கொஞ்சம்! ஐயையோ, போச்சு! பழைய இடத்துக்கே திருப்பு!" என்று யோசனை சொல்வார்கள். எல்லாம் சரியாகிப் படம் தெளிந்து வரும் சமயத்தில் மின்சாரம் போய்விடும். மின்சாரம் போகாவிட்டால் நிலையத்தாரே, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஓர் அட்டையைக் காட்டிவிடுவார்கள். பல இரவுகளில் நிகழ்ச்சியைக் காட்டிலும் அந்த அட்டைதான் தெளிவாகத் தெரிந்தது. இத்தனைக்கும், 1980-களின் மத்தியில் அந்த ஏற்பாடு ஒழியும்வரையில், பெட்டி வைத்திருப்பதற்காகத் தபாலாபீசில் லைசென்ஸ் பணமும் கட்டவேண்டியிருந்தது!

நிகழ்ச்சிகளின் சமாசாரமும் அவ்வளவு பிரமாதம் என்று சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்" என்று சில சினிமாப் பாட்டுகள். அதற்காக வாரம் முழுவதும் காத்திருந்தார்கள். "வயலும் வாழ்வும்" வந்தால் உழவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழித் திரைப்படம் போடுவார்கள். வங்காளி, மலையாளம், ஒரியா, அஸ்ஸாமி என்று பாரத தேசத்து மொழிகளெல்லாம் வரிசையில் நிற்க, தமிழின் முறை எப்போதாவது ஒரு முறை வரும். வந்தால் ஊருக்கே திருநாள். ஆகவே, படம் தெளிவாக இருந்தது என்றோ, நிகழ்ச்சி நிறைய இருந்தது என்றோ பெரியவர் சொல்லுவாரானால், அந்தக் கேள்விக்கு நாம் மார்க்குக் கொடுக்க முடியாது.

பிறகு ஏன் அந்த ஏக்கம்? இதற்குப் பதில் பெட்டிக்கு உள்ளே கிடைக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடத்தில் கிடைக்கிறது.

பாட்டி சொன்ன ராமாயணம்

ராமானந்த சாகர் தயாரித்த ராமாயணத் தொடர் 1987 ஜனவரி 25-ஆம் தேதியிலிருந்து 1988 ஜூலை 31-ஆம் தேதி வரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளையில் ஒளிபரப்பாயிற்று. அதன் பிறகு அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கி 1990 ஜூன் வரையில் நடந்தது. இரண்டும் ஹிந்தி பாஷையில் நடந்தவை. நமது பக்கத்துக் கிராமங்களில் ஹிந்தி தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல ஊர்களில் விரலே வேண்டியதில்லை. இருந்தும், அந்த நேரத்தில் தெருக்கள் காலியாயின என்று அந்த நாளை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பாஷை புரியாமல் எப்படிப் பார்த்தார்கள்? அங்கேதான் நமது பாட்டிமார்கள் வந்து சேர்ந்தார்கள். "இவன்தான் பரதன். அண்ணனைத் திரும்பக் கூப்பிட வந்திருக்கிறான். அழுகிறான் பார்" என்று பாட்டி கதை சொல்ல, பெட்டி படம் காட்டியது. கோவில் பிரசங்கத்திலும் தெருக்கூத்திலும் ஆயுள் முழுவதும் கேட்ட கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சில சமயங்களில் பெட்டியில் காட்டியது பாட்டிக்குச் சம்மதமாயிராது. "அப்படி இல்லை, இவர்கள் மாற்றிவிட்டார்கள்" என்று தீர்ப்பு வழங்கிவிடுவாள். பேரக் குழந்தைகள் பாட்டியின் கட்சியிலேயே சேர்ந்துகொள்வார்கள்.

2020-ஆம் வருஷம் கொரோனா காரணமாகத் தேசம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மார்ச்சு 28-ஆம் தேதி முதல் அதே ராமாயணத்தைத் தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்பிற்று. ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று தூர்தர்ஷன் அறிவித்தது. படம் அன்றைக்கிருந்த அதே படந்தான். ஆனால் 1987-இல் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்ன பாட்டிமார்களில் எத்தனை பேர் 2020-இல் இருந்தார்கள்? அந்தக் கணக்கை எந்த நிலையமும் அறிவிக்கவில்லை.

படம் பிடிக்காத ஆட்டங்கள்

விளையாட்டு விஷயத்துக்கு வருவோம். 1983 ஜூன் 25-ஆம் தேதி லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது நாம் நடை பழகும் குழந்தை. ஆகவே, அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொல்லத் தெரிந்ததுதான். இந்தியா எடுத்தது 183 ஓட்டம். அதில் அதிக ஓட்டம் எடுத்தவர் சென்னை ஸ்ரீகாந்த், அது 38. மதன்லால் போட்ட பந்தை ரிச்சர்ட்ஸ் உயரத் தூக்கி அடிக்க, கபில்தேவ் பின்பக்கமாகவே ஓடிப் பிடித்தார். மேற்கு இந்தியர்கள் 140-இல் சுருண்டார்கள். நமது ஊர்க் கணக்கில் அப்போது நள்ளிரவு. இந்த ஆட்டத்தின் படம் இருக்கிறது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18-ஆம் தேதி, டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் சிறிய ஊரில் நடந்த ஆட்டத்தின் கதை வேறு. ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டத்துக்கு 5 விக்கெட்டைப் பறிகொடுத்துத் தத்தளித்தது. அந்த நிலையில் கபில்தேவ் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று 175 ஓட்டம் குவித்தார். விக்கெட் காப்பாளர் கிர்மானி மறுமுனையில் காவல் நிற்க, ஒன்பதாவது விக்கெட்டுக்கு மட்டும் பிரியாமல் 126 ஓட்டம் சேர்ந்தது. அன்று தோற்றிருந்தால் கோப்பை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிருக்கக்கூடும். இந்த ஆட்டத்துக்குப் படம் கிடையாது! டெலிவிஷன் காமிரா எதுவும் அன்று அந்த மைதானத்தில் இல்லை. 2021-இல் வெளிவந்த சினிமாவுக்காக இதைப் படமெடுத்தவர்கள், நடிகரை அந்த மைதானத்துக்கே அழைத்துக்கொண்டு போய், பார்த்தவர்கள் சொன்னதையும் பத்திரிகைகள் எழுதியதையும் வைத்துக்கொண்டு மறுபடி ஆடிக் காட்டவேண்டியிருந்தது.

நமது வகுப்பில், "கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிராக எவ்வளவு?" என்று கேட்டால் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பையன்கள் அத்தனை பேரும் ஏகோபித்து "175" என்கிறார்கள். படமே இல்லாத ஆட்டம் இத்தனை வருஷம் எப்படிப் பிழைத்தது? தகப்பன் மகனுக்குச் சொன்னான்; மகன் தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் ரகசியம்.

இன்னோர் உதாரணம். 1975 மார்ச்சு 15-ஆம் தேதி கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். பாகிஸ்தான் ஒரு கோல் முன்னால் நின்றது. சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். தியான் சந்தின் புதல்வர் அசோக் குமார் இரண்டாவது கோலைப் போட, 2-க்கு 1 என்று இந்தியா ஜயித்தது. சென்னை டெலிவிஷன் நிலையம் திறக்கவே அப்போது ஐந்து மாதம் இருந்தது. ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் அந்தக் கோலைத் தங்கள் மனத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டார்கள்.

படம் பிடிக்கவே முடியாத ஆட்டமும் ஒன்று உண்டு. 1974-ஆம் வருஷம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் அடங்கிய இந்திய டென்னிஸ் கோஷ்டி டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறிற்று. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. நிற வேற்றுமையைச் சட்டமாகவே வைத்துக்கொண்டிருந்த அந்தத் தேசத்தோடு ஆடமாட்டோம் என்று இந்தியா மறுத்துவிட்டது. கோப்பை ஆடாமலே எதிரிக்குப் போயிற்று. இந்தியா அதற்குப் பிறகு 1987-இல் ஸ்வீடனுடன் இறுதிச் சுற்றில் மோதித் தோற்றது. டேவிஸ் கோப்பை இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை. ஆயினும், நமது விளையாட்டுச் சரித்திரத்தில் ஆடாத அந்த ஆட்டத்தைவிடக் கௌரவமானது எது? காமிரா வைத்திருந்தாலும் வெறும் மைதானத்தைத்தானே பிடித்திருக்கும்? இதையெல்லாம் பெரியவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

தெருவே ஒரு குரல்

அந்தக் காலத்து டெலிவிஷனின் அருமை இப்போது ஒருவாறு புலப்படுகிறது. பெட்டி குறைவாக இருந்ததனால் ஜனங்கள் கூடினார்கள். கூடினதனால் பேசினார்கள். பேசினதனால் மறக்கவில்லை.

சென்னைச் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரையில் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத புழுக்கத்தில் டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ஓட்டம் அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனார். கடைசி நாள் 348 எடுத்தால் வெற்றி. கவாஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவரில் நாலு ஓட்டம் தேவை. கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்று ஓட்டம் எடுத்துச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போனார். ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் காலில் வாங்கிக்கொள்ள, அம்பயர் விரலை உயர்த்தினார். ஆட்டம் சமம்! 1960-இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் சரித்திரத்தில் இப்படி நடந்தது அதுதான் இரண்டாவது தடவை.

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால் பல வீடுகளில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. டெலிவிஷனின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பக்கத்தில் ரேடியோவை வைத்துத் தமிழ் வர்ணனை கேட்பார்கள். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியவர்களின் குரல் அந்த ஊமைப் படத்துக்கு உயிர் கொடுத்தது. கூட்டம் திண்ணை வரையில் நிரம்பியிருக்கும். விக்கெட் விழுந்தால் தெரு முழுவதும் ஒரே சமயத்தில் "அடடா!" என்று ஒரு குரல் எழும்பும்.

இன்றைக்கு நிலைமை என்ன? 1993-இல் தனியார் தமிழ்ச் சானல் வந்தது. கேபிள் கம்பி வீட்டுக்கு வீடு வந்தது. நமது ஊர் எல்லைக்கு அப்பால் வானூர்ப் பக்கத்தில், 2006 முதல் தமிழ்நாட்டு அரசாங்கமே வீடுகளுக்குக் கலர் டெலிவிஷனை இலவசமாகக் கொடுத்தது. ஏழை வீட்டுக் குழந்தை இன்னொருவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்து, "போடா அப்பால்" என்று திட்டு வாங்கிய அவமானம் அதோடு தீர்ந்தது. அந்த அவமானத்தைப் பழைய காலத்துப் பெருமையில் சேர்த்துப் பாடுவோர் கட்சியில் நாம் இல்லை. தெருவில் ஒரே பெட்டி என்றால் அதற்கு ஒரே எஜமானர் என்றும் அர்த்தம். யாரைத் திண்ணையில் ஏற்றுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பதை அவரல்லவா தீர்மானித்தார்?

ஆனால் இப்போது பெட்டி சட்டைப் பைக்குள்ளேயே போய்விட்டது. கிரிக்கெட் நடக்கும் இரவில் நமது தெருவில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். முதலில் எதிர் வீட்டில் ஒரு கூச்சல். நாலைந்து விநாடி கழித்து அடுத்த வீட்டில் ஒரு கூச்சல். இன்னும் சிறிது நேரம் கழித்துக் கைபேசியில் பார்க்கும் வாலிபர் தனியாக ஒரு கூச்சல் போடுகிறார்! டிஷ்ஷில் வரும் படம் முந்திக்கொள்கிறது. கைபேசிக்கு இன்டர்நெட் வழியாக வரும் படம் பிந்துகிறது. ஒரே விக்கெட் ஒரே தெருவில் மூன்று தடவை விழுகிறது. ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே சந்தோஷப்பட்டுக்கொண்டு தூங்கப் போகிறது.

1993-இல் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று வங்காளத்துக் கிரிக்கெட் சங்கத்துக்கும் சர்க்காருக்கும் பெரிய வழக்கு நடந்தது. அதில் 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. ஆகாயத்தில் செல்லும் அலை பொதுஜனங்களின் சொத்து. அது சர்க்காரின் ஏகபோகமும் அல்ல, தனி முதலாளியின் சொந்தமும் அல்ல என்பது அதன் சாரம். தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று 2007-இல் பார்லிமெண்டும் சட்டம் செய்தது. ஆகாயத்து அலையைப் பொதுச் சொத்தாகக் காப்பாற்றக் கோர்ட்டும் சட்டமும் இருக்கின்றன. அந்த அலையில் வந்ததைக் கண்ட ஞாபகமும் பொதுச் சொத்துத்தானே? அதைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம்.

ஒரு நோட்டுப் புஸ்தகம்

கபில்தேவின் 175-ஐ நாடே நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் நமது கிராமங்களின் ஆட்டங்களை யார் வைத்துக்கொள்வார்கள்? பொங்கலுக்குப் பொங்கல் சடுகுடு நடந்தது, வழுக்குமரம் ஏறினார்கள், உறியடித்தார்கள், அறுவடை முடிந்த வயலில் கைப்பந்து ஆடினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய "சொல்தா"க்கள் உள்ள வீடுகளில், 1998 ஜூலை 12-ஆம் தேதி பிரான்ஸ் 3-க்கு 0 என்று பிரேசிலை வென்று கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றிய இரவு ஒரு சொந்தக் கதையாகவே இருக்கிறது. சடுகுடுவைத்தான் பாருங்கள்! 1982 டில்லி ஆசிய விளையாட்டில் காட்சிக்காக மட்டும் ஆடிக் காட்டினார்கள். 1990-இல் பீஜிங்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாகி, இந்தியா தங்கம் வென்றது. 2014 முதல் வண்ண விளக்குகளோடு டெலிவிஷனிலும் வருகிறது. ஆனால் அந்த ஆட்டத்தை மண்ணில் புரண்டு வளர்த்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள்.

சென்ற வருஷம் நமது ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம், "நீங்கள் சின்ன வயசில் என்ன விளையாடினீர்கள்? எந்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். ஒரு பெண் எழுதிவந்தாள்: அவளுடைய ஆயா சிறுமியாக இருந்தபோது, ஏற்றக் கிணற்றின் மேட்டிலிருந்து குதித்து, அடியில் போட்ட காசை மூச்சுப் பிடித்து எடுத்துவருவாளாம். ஆண்பிள்ளைகள் மூன்று பேர் அவளிடம் தோற்றார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட நீந்தவில்லையாம். "இது எங்கப்பாவுக்கே தெரியாது சார்" என்றாள் அந்தப் பெண். பெற்ற பிள்ளைக்குத் தெரியாத விஷயம் ஐம்பது அறுபது வருஷம் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். வருகிற காணும் பொங்கலன்று ஓர் அரைமணி நேரம் பெட்டியை நிறுத்திவிட்டு, வீட்டுப் பெரியவர்களைச் சுற்றி உட்காருங்கள். அவர்கள் ஆடியதையும் பார்த்ததையும் கேளுங்கள். குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புஸ்தகத்தையும் பென்சிலையும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வருஷமும் ஊர்ப் பெயரும் விடாமல் எழுதட்டும். முடியுமானால் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொள்ளுங்கள்; ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு முன்ஜாக்கிரதை மட்டும் வேண்டும். டெலிவிஷனில் நல்ல ஆட்டம் எதுவும் இல்லாத வேளையாகப் பார்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால், "இந்த ஓவர் முடியட்டும், இரு" என்று தாத்தாவே சொல்லிவிடுவார்!